கணக்குக் கேட்கும் உரிமை: ஆன்டிகுவா தீவின் அரசியல் அனுபவம்



பொதுப் பதவி வகிப்பவர்கள் தங்கள் செயலுக்கு யாரிடம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்ற விஷயத்தைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்தபோது, பெரிய ராஜ்யங்களின் உதாரணங்களை விட்டுவிட்டு, கரிபியன் கடலில் உள்ள மிகச் சிறிய ஒரு நாட்டின் சரித்திரத்தை உங்கள் முன் வைப்பது என்று தீர்மானித்தேன். பெரிய நாட்டில் ஓர் அநியாயம் நூறு இலாகாக்களுக்குள்ளும் ஆயிரம் காகிதங்களுக்குள்ளும் சிதறிப்போவதால், அதன் மூலம் எது, முடிவு எது என்று சாமானியர் கண்டறிவது அரிது. சிறிய நாட்டிலோ, கையெழுத்திட்டவர் யார், கண்ணாரக் கண்டவர் யார், கண்டும் வாய் திறவாதிருந்தவர் யார் என்பதை ஏறக்குறைய முழுமையாகவே பார்த்துவிட முடிகிறது.

நான் குறிப்பிடும் நாடு ஆன்டிகுவா-பார்புடா. இரண்டு தீவுகளும் சேர்ந்து 440 சதுர கிலோமீட்டர்; ஜனத்தொகை இன்றைக்கும் சுமார் ஒரு லட்சந்தான். விவியன் ரிச்சர்ட்ஸ், ஆன்டி ராபர்ட்ஸ், கர்ட்லி ஆம்ப்ரோஸ் ஆகியோரின் ஆட்டத்தில் மனத்தைப் பறிகொடுத்த நம்மவர் பலருக்கு அந்தப் பெயர் பரிச்சயமானதே. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியாரே அங்குள்ள மக்களில் மிகப் பெரும்பாலோர். 1834 ஆகஸ்டு 1-ஆம் தேதி அடிமை விலங்கு அறுந்தது. ஆனால் நிலம் முழுவதும் பழைய எஜமானர்களிடமே இருந்தபடியால், விடுதலை பெற்றவர்கள் அதே தோட்டங்களில் அற்பக் கூலிக்கு உழைத்து இன்னும் ஒரு நூற்றாண்டைக் கழிக்க வேண்டியதாயிற்று.

அந்த இருளில் எழுந்தவர் வி. சி. பேர்டு. 1939-இல் தோன்றிய ஆன்டிகுவாத் தொழிற்சங்கத்தின் தலைமையைச் சில ஆண்டுகளுக்குள் ஏற்ற அவர், உயர்ந்த உருவமும் கம்பீரமான குரலும் உடையவர். உயர்ந்த படிப்புப் படித்தவர் அல்லர். ஆனால் கூலிக்காரனின் பசியை அறிந்தவர். 1951-இல் பெதஸ்தா என்ற கிராமத்தில் ஒரு புளியமரத்தடியில் தோட்ட முதலாளிகளின் பிரதிநிதியோடு அவர் நடத்திய பேச்சை அத்தீவு மக்கள் தங்கள் இதிகாசமாகவே போற்றுகிறார்கள். வேலை நிறுத்தம் நீடித்தால் பட்டினிதான் என்று முதலாளி எச்சரித்தபோது, கடற்கரைச் சிப்பியையும் காட்டுக் கீரையையும் தின்று, குளத்து நீரைக் குடித்தேனும் உறுதியாக நிற்போம் என்று அவர் விடையளித்ததாக வழிவழியாகச் சொல்லுகிறார்கள், நின்றும் காட்டினார்கள். 1981 நவம்பர் 1-ஆம் தேதி நாடு சுதந்திரம் பெற்றபோது முதல் பிரதம மந்திரியாக அவர் அமர்ந்தது முற்றிலும் பொருத்தமே.

இதை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆன்டிகுவாவில் பின்னால் விளைந்த கேடுகளை, யாரோ ஒரு கொடியவன் வந்து நாட்டைப் பிடித்துக்கொண்டதன் பலன் என்று எண்ணிவிட்டால் நாம் எதையும் அறிந்தவர்கள் ஆகமாட்டோம். மக்கள் மெய்யாகவே நேசித்த ஒரு மனிதர், மெய்யாகவே அவர்களுக்கு நன்மை செய்த ஒரு மனிதர், அந்த நன்றியையே அரணாகக் கொண்டு கேள்விக்கு அப்பாற்பட்டவராக ஆனார் என்பதே அங்கே நிகழ்ந்தது. அவருடைய புதல்வர்களில் இருவர் மந்திரிகள்; இன்னொருவர் வசம் வானொலி நிலையம். 1985-இல் நாட்டின் விமான நிலையத்துக்கே அவர் பெயர் இடப்பட்டது. நன்றி என்பது மனித குணங்களில் உத்தமமானதுதான்; ஆனால் மக்கள் தங்கள் தலைவருக்குச் செலுத்தும் நன்றி, அவர் பிள்ளைகளுக்கும் அவர் பிள்ளைகளின் நண்பர்களுக்கும் வாரிசுச் சொத்தாகப் போய்ச் சேரும்போது, அந்தச் சுமையைத் தாங்குவது அந்த மக்களின் பொக்கிஷந்தான்.

சுதந்திரத்துக்கு முன், பேர்டின் ஆட்சிக்கு இடையில், 1971 முதல் 1976 வரை ஜார்ஜ் வால்ட்டர் என்பவரின் கட்சி ஆண்டது. தோற்றபின் அவர்மீது நிர்வாக ஊழல் வழக்குத் தொடரப்பட்டுச் சிறைத் தண்டனையும் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது ரத்தாயிற்று. எதிரியைத் தண்டிக்க மட்டுமே கணக்குக் கேட்பது என்ற வழக்கம் அங்கே அப்படி வேரூன்றியது.

இனி, சுதந்திரத்துக்கு முன்பே, 1977, 78-ஆம் ஆண்டுகளில் நடந்த ஒரு காரியத்தைக் கேளுங்கள். ஜெரால்டு புல் என்ற பீரங்கி விஞ்ஞானியின் கம்பெனி ஒன்று ஆன்டிகுவாவில் பரிசோதனைத் தளம் அமைத்திருந்தது. அந்தத் தளத்தின் பெயரால் தீவுக்கு வந்த பீரங்கிக் குண்டுகள் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்தன. நிறவெறி ஆட்சிக்கு ஆயுதம் விற்கலாகாது என்று ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை 1977 நவம்பரில் கட்டாயத் தடை விதித்த சமயம் அது. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாழும் மண்ணின் வழியாக, கறுப்பு மக்களை அடக்குவதற்கான குண்டுகள் கப்பலேறின. இதைக் கண்டுபிடித்தவர்கள் மந்திரிகளோ அதிகாரிகளோ அல்லர். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தொழிலாளர்கள் கண்டார்கள், டிம் ஹெக்டர் என்ற பத்திரிகாசிரியர் தமது ‘அவுட்லெட்’ பத்திரிகையில் எழுதினார். கம்பெனி தீவை விட்டு வெளியேறியது. 1980-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் புல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஆன்டிகுவாவில் யாரும் எந்த நீதிமன்றத்திலும் நிற்கவில்லை. குற்றம் அங்கே நடந்தது. விசாரணை வேறொரு நாட்டில் நடந்தது. இந்த முறை மீண்டும் மீண்டும் திரும்பி வருவதை நீங்கள் பார்க்கப் போகிறீர்கள்.

டிம் ஹெக்டரைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூறாமல் மேலே செல்ல எனக்கு மனம் இல்லை. ஆசிரியர், கிரிக்கெட் ரசிகர், டிரினிடாட் தேசத்துச் சிந்தனையாளர் சி. எல். ஆர். ஜேம்ஸின் சீடர், தேர்தல்களில் நின்று தோற்றவர், ஆனால் அவர் பத்திரிகைக்கு ஆட்சியாளர் அஞ்சினர். பொது நிர்வாகத்தின்மீது மக்களுக்குள்ள நம்பிக்கையைக் குலைக்கக்கூடிய பொய்யான செய்தியை அச்சிடுவது குற்றம் என்று 1972-ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டம் கூறிற்று. இந்தச் சட்டத்தை இயற்றியது வால்ட்டரின் ஆட்சி. ஹெக்டரின்மீது அதை ஏவியது பேர்டின் ஆட்சி. ஆயுதங்கள் பல இருக்க, பத்திரிகையை அடக்கும் ஆயுதத்தை மட்டும் எந்தக் கட்சியும் கீழே போட மனம் கொள்ளவில்லை. வழக்கு, இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. ஆட்சிப் பொறுப்பில் உள்ளவர்கள் விமர்சனத்துக்கு எப்போதும் ஆளாகவே இருக்க வேண்டும் என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டி, அந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று 1990-இல் அங்கே தீர்ப்பாயிற்று. 1998-இல் அவருடைய அச்சகம் தீக்கிரையாயிற்று. அவரோ, 2002-இல் கண் மூடும்வரை பேனாவைக் கீழே வைக்கவில்லை.

அந்த 1990-ஆம் ஆண்டிலேதான் உலகம் ஆன்டிகுவாவைத் திரும்பிப் பார்த்தது. கொலம்பியா தேசத்தில் போதைச் சரக்கு வியாபாரத்தால் கோடீஸ்வரனாகி, கொலைகாரர்களின் சேனை ஒன்றையே வைத்திருந்த ரோட்ரிகஸ் காச்சா என்பவன் 1989 டிசம்பரில் காவற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். பிறகு அவனுடைய பண்ணைகளைச் சோதித்தபோது இஸ்ரேலில் செய்த துப்பாக்கிகள் அகப்பட்டன. கொலம்பிய அரசாங்கம் இஸ்ரேலைக் கேட்டது. இஸ்ரேல் தன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்து, இவை ஆன்டிகுவா நாட்டின் பாதுகாப்புப் படைக்காக அந்நாட்டின் பெயரால் வாங்கப்பட்டவை என்று பதில் கூறிற்று. ஆன்டிகுவாவின் படையோ சுமார் நூறு பேரைக் கொண்டது. வாங்கியதாகச் சொல்லப்பட்ட துப்பாக்கிகள் ஏறக்குறைய ஐந்நூறு. இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்தில் ஏற்றிய பெட்டகம், 1989 ஏப்ரலில் ஆன்டிகுவாத் துறையில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு மாறிக் கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தது. தீவில் முலாம்பழத் தோட்டம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்த இஸ்ரேலியர் ஒருவரும், கூலிப்படைகளுக்குப் பயிற்சி அளித்துவந்த ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரும் இடைத்தரகர்கள். அரசாங்கத்தின் தரப்பில் யாருடைய பெயர் அடிபட்டது என்றால், பிரதம மந்திரியின் மூத்த புதல்வரும் மந்திரியுமான வியர் பேர்டு ஜூனியரின் பெயர்.

இவருக்கு இது முதல் விசாரணை அன்று. விமான நிலைய ஓடுபாதையைச் செப்பனிடுவதற்குப் பிரெஞ்சு நாட்டிலிருந்து வாங்கிய கடன் விஷயத்தில், 1987-இல் ஸர் ஆர்ச்சிபால்டு நெட் தலைமையில் நடந்த விசாரணை, அவர் நடத்தை ஒரு மந்திரிக்குத் தகாதது என்று ஏற்கெனவே முடிவு கூறியிருந்தது. அந்த முடிவுக்குப் பின்னும் அவர் பதவி நிலைத்தது. 1989 தேர்தலில் கட்சி மொத்தம் பதினேழு ஸ்தானங்களில் பதினைந்தைப் பிடித்தது. இப்போது கொலம்பியாவின் கண்டனம் வந்தபிறகு, லண்டனிலிருந்து வழக்கறிஞர் லூயி ப்ளாம்-கூப்பர் வரவழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கை 1990 நவம்பரில் வெளிவந்தது. வியர் பேர்டு ஜூனியர் இனி எந்தப் பொதுப் பதவியும் வகிக்கத் தகாதவர் என்று அது சிபாரிசு செய்தது. படைத்தலைவர் பதவி இழந்தார். குற்ற வழக்கு? ஒருவர்மீதும் இல்லை. 1994-இல் தந்தையார் ஓய்வுபெற, இளைய சகோதரர் லெஸ்டர் பேர்டு பிரதம மந்திரியானார். பின்னாளில் அந்தத் தகுதியற்றவர் தம் தம்பியின் மந்திரி சபையில் மீண்டும் மந்திரியாக அமர்ந்தார்.

அன்பர்களே, இந்த வரலாற்றைப் படித்தவர்கள் பலர், “சிறு நாடு, அறியாத மக்கள், என்ன செய்வார்கள்?” என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செயின்ட் ஜான்ஸ் நகரத்தின் கடைத்தெருவில் நிற்பவனுக்கு, எந்த மந்திரி எந்த வீட்டை எப்போது கட்டினார் என்பது தெரியும். அறிவுக்கு அங்கே பஞ்சமே இல்லை. பின் எதற்குப் பஞ்சம்? அறிந்ததை எடுத்துக்கொண்டு போய், “இதற்குப் பதில் சொல்” என்று கேட்கும் இடத்துக்குப் பஞ்சம். இங்கிலாந்தின் பார்லிமெண்டு முறையை அப்படியே கொண்டுவந்து பதினேழு பேர் கொண்ட சபையில் அமைத்தார்கள். இங்கிலாந்தில் அறுநூறுக்கு மேற்பட்ட அங்கத்தினர்களுள் மந்திரிகள் சிறுபான்மையோர். ஆளும் கட்சியிலேயே பதவி இல்லாதவர்கள் நூற்றுக்கணக்கில் பின் வரிசையில் உட்கார்ந்து முணுமுணுத்து, சமயத்தில் பிரதம மந்திரியையே இறக்கிவிடுகிறார்கள். ஆன்டிகுவாவிலோ ஆளும் கட்சியார் அனைவரும் ஏறக்குறைய மந்திரிகளாகிவிட, எதிரே ஒருவரோ இருவரோ அமர்ந்திருந்த காலமும் உண்டு. மந்திரி சபையைச் சட்டசபை கேள்வி கேட்கிறது என்றால், மந்திரிகள் தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள் என்று பொருள். இடித்துரைப்பார் இல்லாத அரசு எப்படிக் கெடும் என்பதை நம் முன்னோர் அரசர்களை வைத்துச் சொன்னார்கள். மக்கள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்த அரசுக்கும் அது சிறிதும் மாறாமல் பொருந்துகிறது.

இத்துடன் இன்னொன்றும் சேர்கிறது. வேலை தருபவரில் பெரியவர் அரசாங்கமே. அதிகாரியைக் கண்டிக்க வேண்டிய தணிக்கையாளர் அவருக்கு உறவினராக இருப்பார். பத்திரிகையில் எழுதியவரின் மைத்துனருக்குத் துறைமுகத்தில் வேலை போகும். சட்டப் புத்தகத்தில் தணிக்கை இயக்குநர் உண்டு, மக்கள் குறைகேட்கும் அதிகாரி உண்டு. ஆனால் காலையில் யாரைக் கண்டித்தோமோ அவர் அருகிலேயே ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அமர வேண்டியவனிடம் எவ்வளவு தைரியத்தை எதிர்பார்க்கலாம்? இதைச் சொல்லி யாரையும் நான் மன்னிக்க வரவில்லை. தைரியம் காட்டியவர்கள் எவ்வளவு பெரிய காரியம் செய்தார்கள் என்பதை நீங்கள் அளந்து பார்க்கவே சொல்கிறேன்.

நிர்வாகம் கெட்டால் முதலில் கெடுவது எது என்று கேட்டால், துப்பாக்கியையும் கோடியையும் காட்டுவதைவிட நான் ஒரு வாசகசாலையைக் காட்டுவேன். 1974 அக்டோபரில் நேர்ந்த பூகம்பத்தில் செயின்ட் ஜான்ஸ் நகரத்தின் பொது நூல்நிலையக் கட்டடம் சேதமடைந்தது. அத்தீவில் பிறந்து அமெரிக்காவில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ஜமைக்கா கின்கெய்ட் என்ற அம்மையார், 1988-இல் வெளியிட்ட ‘எ ஸ்மால் பிளேஸ்’ என்னும் நூலில், தாம் குழந்தையாக இருந்து படித்த அந்தக் கட்டடம் இன்னும் செப்பனிடப்படாமல் கிடப்பதைக் கண்டு கோபமும் துக்கமுமாகப் பேசுகிறார். புதிய நூல்நிலையம் திறக்கப்பட்டது 2014-இல். நாற்பது ஆண்டுகள்! பூகம்பத்தன்று பிறந்த குழந்தை, பொதுநூல்நிலையம் என்ற ஒன்றை அதற்குரிய மாளிகையில் காணாமலே நடுவயதை எய்திவிட்டது. அந்த நாற்பது ஆண்டுகளுக்குள் மேற்படி ஓடுபாதைக் கடனும் ஆயுதக் கப்பலும் வந்து போயின. நூல்நிலையம் ஏன் எழவில்லை என்று கேட்டு எந்த வெளிநாடும் கண்டனக் கடிதம் அனுப்பவில்லை; அனுப்பப் போவதும் இல்லை. சொந்த மக்களின் இழப்பு அது.

இனி ஆலன் ஸ்டான்ஃபோர்டின் கதைக்கு வருகிறேன். டெக்சாஸ்காரரான இவர், மாண்ட்செராட் தீவில் நடத்திவந்த வங்கியை 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆன்டிகுவாவுக்குக் கொண்டுவந்தார். வங்கி, பத்திரிகை, விமான நிலையத்தின் அருகில் கிரிக்கெட் மைதானம், உணவுச்சாலை என்று அரசாங்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வேலை கொடுப்பவராகவே ஆனார். அரசாங்கத்துக்கே கடனும் கொடுத்தார். கடன் வாங்கியவன் கடன் கொடுத்தவனைத் தணிக்கை செய்வது எங்கேனும் நடந்தது உண்டா? வெளிநாட்டு வங்கிகளுக்கான சட்டத்தைச் சீர்திருத்த அமைத்த குழுவில் அவருக்கும் அவருடைய ஆட்களுக்குமே இடம் கிடைத்தது. 1999-இல் அமெரிக்க நிதி இலாகா, ஆன்டிகுவா வங்கிகளோடு கவனமாயிருக்கும்படி தன் நாட்டு வங்கிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. இரண்டாண்டுகளில் அது விலக்கப்பட்டது.

2004-இல் ஒரு பெரிய மாறுதல் வந்தது. பால்டுவின் ஸ்பென்சரின் கட்சி வெற்றிபெற்றது. லெஸ்டர் பேர்டு தம் தொகுதியிலேயே தோற்றார். புதிய அரசாங்கம் அவ்வாண்டிலேயே தகவல் அறியும் சட்டம், பொதுவாழ்வில் நேர்மைச் சட்டம், ஊழல் தடுப்புச் சட்டம் ஆகிய மூன்றையும் நிறைவேற்றியது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் என்றே நான் நம்புகிறேன். ஆனால் 2006-இல் ஸ்டான்ஃபோர்டுக்கு ‘ஸர்’ பட்டம் வழங்கியதும் அதே அரசாங்கம். 2008 நவம்பர் 1-ஆம் தேதி அவருடைய மைதானத்தில் இங்கிலாந்து அணியை எதிர்த்து இரண்டு கோடி டாலர் பரிசுக்கு நடந்த ஆட்டத்தை உலகம் வாய்பிளந்து பார்த்தது. அடுத்த பிப்ரவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. எழுநூறு கோடி டாலருக்கு மேற்பட்ட வைப்புத்தொகைப் பத்திரங்கள் பழைய முதலீட்டாளர்க்குப் புதிய முதலீட்டாளர் பணத்தைக் கொடுக்கும் மோசடி என்று வெளியாயிற்று. செயின்ட் ஜான்ஸில் அவருடைய உள்ளூர் வங்கியின் வாசலில் ஏழைகள் தங்கள் சேமிப்பைக் கேட்டு வரிசையாக நின்றார்கள்.

இதில் என்னை மிகவும் பாதிப்பது ஸ்டான்ஃபோர்டு அல்லர்; பேராசைக்காரர்களுக்கு உலகில் குறைவில்லை. ஆன்டிகுவாவின் நிதி நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவராக இருந்த லிராய் கிங்தான். ஸ்டான்ஃபோர்டின் வங்கியைப் பற்றிச் சந்தேகம் கொண்டு அமெரிக்க ஆணையம் இவருக்கு எழுதிய இரகசியக் கடிதங்களை, இவர் ஸ்டான்ஃபோர்டிடமே காட்டினார். என்ன பதில் எழுதலாம் என்று அவரிடமே கேட்டு எழுதினார். இருவரும் ரத்தத்தால் சகோதரப் பிரமாணம் செய்துகொண்டதாக ஸ்டான்ஃபோர்டின் நிதி அதிகாரியே அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். காவலன் கள்வனிடம் யோசனை கேட்ட இந்தச் செயலை விசாரித்துத் தண்டிக்க வேண்டிய இடம் ஆன்டிகுவா. நடந்தது என்ன? பத்தாண்டுகள் அவர் தாய்நாட்டில் இருந்து நாடுகடத்தலை எதிர்த்து வழக்காடினார்; 2019-இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2021-இல் பத்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். ஸ்டான்ஃபோர்டுக்கு 2012-இலேயே 110 ஆண்டுகள். பணம் இழந்த அந்நிய முதலீட்டாளர்களுக்கு ஒரு நீதிமன்றம் பதில் சொல்லிற்று. தங்கள் சட்டத்தையும் தங்கள் நாட்டின் பெயரையும் இழந்த ஆன்டிகுவா மக்களுக்கு யார் பதில் சொன்னார்கள்?

என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்நியர் கேட்டுத் தரும் நியாயம் நியாயந்தான். ஆனால் அது மக்களைப் பார்வையாளராகவே வைத்துவிடுகிறது. கொலம்பியா கேட்டது தன் நாட்டின் ரத்தத்துக்காக. அமெரிக்கா கேட்டது தன் பிரஜைகளின் பணத்துக்காக. அவர்களுடைய காரியம் முடிந்ததும் கேள்வியும் முடிந்தது. சொந்த மக்கள் தம் பெயரால் தொடுக்கும் கேள்வி ஒன்றே நின்று நிலைக்கும். 2018 நவம்பரில், இறுதி மேல்முறையீட்டை லண்டன் பிரிவி கவுன்சிலிலிருந்து கரிபியன் நீதிமன்றத்துக்கு மாற்றலாமா என்று மக்களைக் கேட்டபோது, வாக்களித்தவர்களில் பாதிக்குச் சற்று அதிகமானோர் வேண்டாம் என்றனர். இதை அடிமைப் புத்தி என்று ஏசியவர்கள் உண்டு. ஹெக்டரின் வழக்கு எங்கே ஜெயித்தது என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஏச்சு நியாயமற்றது என்பது விளங்கும். அருகில் உள்ள அதிகாரத்தால் அடிபட்டவன் தூரத்து நீதியை நம்புகிறான்.

கடைசியாக பார்புடா. அடிமைகளின் காலத்திலிருந்து அச்சிறு தீவின் நிலத்தை அதன் மக்கள் தமக்குப் பொதுவானதாகவே அனுபவித்து வந்தார்கள். 2007-இல் ஒரு சட்டமும் அதை உறுதிசெய்தது. 2017 செப்டம்பரில் இர்மா என்ற பெரும் புயல் அத்தீவின் வீடுகளைப் பெரும்பாலும் நாசமாக்கியது. ஜனங்கள் அனைவரும், ஒருவர் விடாமல், ஆன்டிகுவாவுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். வீடு திரும்பக்கூட முடியாத அந்த மாதங்களிலேயே அங்கே விமானத்தளம் அமைக்க நிலம் வெட்டும் வேலை தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு நிலச் சட்டமும் மாற்றப்பட்டது. தீவுவாசிகள் இருவர், இந்த அனுமதி எந்த முறைப்படி வழங்கப்பட்டது என்று நீதிமன்றத்தில் கேட்டார்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமையே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைத் திருப்பி அனுப்பியது. 2024 பிப்ரவரியில் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளி, அந்த மண்ணில் வாழ்பவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்து, வழக்கை ஆன்டிகுவாவின் உயர் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அந்த ஆண்டிலேயே விமானத்தளமும் திறக்கப்பட்டது. இனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் செயின்ட் ஜான்ஸில் இருக்கிறார்கள். கேட்டவர்கள் பார்புடாவில் இருக்கிறார்கள்.